லாத்தாவின் சஹன்

மது விற்காத ஒரு மதுக்கடைக்கு என்னை முதன்முதலில் இழுத்துக்கொண்டு போனவர், ஐந்து வேளையும் தொழுகிற ஒரு லாத்தா. இதைச் சொன்னால் ஊரில் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும், எனக்கென்ன நஷ்டம்.

லாத்தா என்றால் அக்கா. தூத்துக்குடிப் பக்கத்துக் கடலோர ஊர்களில் முஸ்லிம்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் தென்காசிக்காரி, எனக்கு அக்கா என்றுதான் வாயில் வரும். ஆனால் துபாய் அல் குசைஸில் நாங்கள் வேலை பார்த்த யூனிஃபார்ம் கம்பெனியில் மலையாளி, நேபாளி, பெங்காலி என்று அத்தனை பேரும் அவரை லாத்தா என்றே கூப்பிட்டார்கள். அதுதான் அவர் பெயர் என்று பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஆர்டர் எடுப்பேன், அவர் டெஸ்பாட்ச் பார்ப்பார். ஓட்டல் சட்டையோ பள்ளிக்கூடப் பாவாடையோ, தைத்து முடித்ததை மடித்துக் கட்டி வண்டியில் ஏற்றி அனுப்புகிற வரைக்கும் அவர் பொறுப்பு.

அந்தக் கடை பக்கத்து ஷார்ஜாவில் இருந்தது. இஸகாயா என்பார்கள். ஜப்பானில் ஆபீஸ் விட்டதும் நாலு பேர் கூடி உட்கார்ந்து, குடித்துக்கொண்டே சின்னச் சின்னத் தட்டுகளில் கொறிக்கிற இடமாம். ஷார்ஜாவில் மதுவுக்கு அனுமதி கிடையாது. ஆகவே குடி போய்க் கொறி மட்டும் மிச்சம். எலுமிச்சை சோடாவை வைத்துக்கொண்டு ஆட்கள் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார்கள். சமையல்காரர்கள் எல்லாம் நேபாளி, பரிமாறுகிறவர்கள் ஃபிலிப்பினோ. அவர்கள் போட்டிருந்த கருநீலக் குட்டைச் சட்டை நாங்கள் தைத்தது. அதில் நாடா சரியில்லை என்று புகார் வந்து, லாத்தாவே வண்டியில் ஏறிப் பார்க்கப் போனார். போனவர் நாடாவைச் சரி செய்தாரோ இல்லையோ, மறுநாள் காலையில் என் மேசைக்கு வந்து நின்றார்.

"தங்கச்சி, நம்ம சாப்பாடு ஜப்பான்காரன்ட்ட ஈக்கு. வா, காட்டுறேன்." இருக்கு என்பது அவர் ஊர் வாயில் ஈக்கு.

கதவைத் தள்ளி உள்ளே போனதும் அடுப்படியிலிருந்து அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வருகிறவர்களை அப்படிக் கத்தித்தான் வரவேற்பார்களாம். லாத்தா அசரவில்லை. கையை உயர்த்தி, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, "வ அலைக்குமுஸ்ஸலாம்" என்றார்.

"லாத்தா, அவங்க ஜப்பான் பாஷையில என்னமோ சொல்றாங்க."

"இத்தன பேரு வாய் நெறைய வாங்கன்னு சொல்றாங்க. வாயத் தொறக்காம உள்ள போறதா? நல்லாயிருக்கே ஒங்க ஊரு மரியாத."

சில மாதம் கழித்து, அவர் தலை தெரிந்தாலே அடுப்புக்குப் பின்னால் நிற்கிற நேபாளிப் பையன்கள் அவர்களே சலாம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். முதலாளி ஜப்பான்காரரோ யாரோ, கேட்டிருந்தால் என்ன நினைத்திருப்பாரோ தெரியாது.

அன்றைக்கு நாங்கள் மூன்று பேர் போயிருந்தோம். லாத்தா, நான், ரிசப்ஷனில் உட்கார்கிற மலையாளிப் பெண். உடுப்பி ஓட்டலுக்குப் போன பழக்கத்தில் நான் எனக்கென்று ஒரு சோறு சொன்னேன். ரிசப்ஷன் பெண் அவளுக்கென்று ஒரு நூடுல்ஸ் சொன்னாள். வந்ததும் நான் இடது கையை வளைத்துத் தட்டைச் சுற்றி அணை கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். லாத்தா என் கையை மெதுவாக விலக்கி, தட்டை நடுவுக்கு இழுத்தார். அவள் நூடுல்ஸையும் இழுத்தார். ஆளுக்கொன்றாக வைத்திருந்த குட்டித் தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி ஓரமாகத் தள்ளினார்.

"லாத்தா, எச்சில்!" என்றேன். சத்தமாகவே சொன்னேன். நான் வளர்ந்த வீட்டில் சொம்புத் தண்ணீரைக்கூட அண்ணாந்துதான் குடிக்க வேண்டும்.

"ஆமா, எச்சிதான். ஒன் வாயில ஈக்கிறதுதான் என் வாயிலயும் ஈக்கு. அதுக்கென்ன இப்போ?"

"எனக்குக் கொமட்டும்."

"கொமட்டட்டும். கொமட்டிட்டுச் சாப்பிடு."

இப்படி ஒரு ராட்சசி. சண்டைக்கு நான் சளைத்தவள் இல்லை. என் வாய்க்குப் பயந்துதான் எங்கள் ஆபீஸில் பலர் ஃபைலைத் தூரத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். ஆனாலும் லாத்தாவிடம் என் வாய் எடுபடவில்லை. அவர் எதிர்த்துப் பேசவே மாட்டார், இழுத்து நடுவில் வைத்துவிடுவார், அவ்வளவுதான்.

அவர் ஊர்க் கல்யாணத்தில் சஹன் என்று ஒரு பெரிய தட்டம் வைப்பார்களாம். ஒரு தட்டத்துக்கு மூன்று பேர், நான்கு பேர். ஆண்களுக்குத் தனிப் பந்தி, பெண்களுக்குத் தனிப் பந்தி. தட்டத்தைச் சுற்றி ஆள் நிறையும் வரை யாரும் சோற்றில் கை வைக்கக் கூடாது. தன் முன்னால் இருக்கிற சோற்றைத்தான் எடுக்க வேண்டும். நல்ல இறைச்சித் துண்டு தன் பக்கம் கிடந்தால் எதிரே இருப்பவர் பக்கம் தள்ளிவிட வேண்டும். கடைசி ஆள் கை எடுக்கும் வரை மற்றவர்கள் எழுந்திருக்கக் கூடாது, இல்லாவிட்டால் மெதுவாகச் சாப்பிடுகிற ஆள் வெட்கப்பட்டு அரை வயிற்றோடு எழுந்துவிடுவாராம். இதெல்லாம் நல்ல பழக்கம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கல்யாண வீட்டுப் பழக்கத்தைக் கல்யாண வீட்டோடு விட வேண்டாமா? லாத்தா அதை விசா ஸ்டாம்போடு துபாய்க்குக் கொண்டுவந்து, கண்ணில் படுகிற பெண்களை எல்லாம் பிடித்து உட்கார வைத்துக்கொண்டிருந்தார்.

ஏன் இப்படி என்று நான் பல தடவை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு காரணம். ஒரு தடவை, தனியாகச் சாப்பிட்டால் பரக்கத் இல்லை, சோற்றில் நிறைவு இருக்காது என்றார். இன்னொரு தடவை, புருஷன் வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டு போன பிறகு மாமியார் வீட்டில் தனக்கு மட்டும் அடுப்படியில் தட்டு வைத்தார்கள் என்றார். அடுத்த தடவை அதைப் பற்றிக் கேட்டபோது, "அப்புடியா சொன்னேன்? சும்மா சொல்லியிருப்பேன். ஒத்தையில சாப்பிட்டா எனக்கு விக்கல் வரும், அதான்" என்றார். எது நிஜம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எல்லாரும் அவரைக் கொண்டாடினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் கம்பெனியில் பட்டன் தைக்கிற பெண்கள் கீழே மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஆபீஸ் பெண்கள் மேலே ஏசி போட்ட பேன்ட்ரியில் சாப்பிடுவோம். லாத்தா அவர்களை எல்லாம் மேலே ஏற்றிக்கொண்டு வந்தார். அதில் ஒரு நேபாளிப் பெண்ணுக்குச் சாப்பாட்டு நேரத்தில்தான் ஊரில் இருக்கிற மகனோடு வீடியோவில் பேச முடியும். இந்தக் கும்பலுக்கு நடுவில் எப்படிப் பேசுவாள்? ஒரு நாள் அவளைக் காணவில்லை. தேடினால், பாத்ரூமுக்குள் உட்கார்ந்து ஒரு கையில் ரொட்டியும் ஒரு கையில் போனுமாகப் பேசிக்கொண்டிருந்தாள். லாத்தாவுக்குப் பயந்து பாத்ரூமில் போய்ச் சாப்பிட்டிருக்கிறாள்! எனக்கு வந்த கோபத்துக்கு, "ஒங்க சஹன்ல இடி விழ. மனுசி நிம்மதியா ரெண்டு வாய் தின்ன முடியுதா?" என்று கத்திவிட்டேன்.

லாத்தாவின் முகம் செத்துப்போனது. அந்தப் பெண்ணிடம் போய் ஹிந்தியில் என்னவோ சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டார். சரி, திருந்திவிட்டார் என்று நினைத்தேன். மறுநாள் பார்த்தால், அந்தப் பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து மகனோடு பேசுகிறாள், லாத்தா அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறார். பேச்சைக் கேட்கவில்லையாம், முகத்தைப் பார்க்கவில்லையாம், ஆனால் ஆளைத் தனியாகவும் விடவில்லையாம். இந்த மனுஷியை என்ன செய்ய?

இந்தக் குணம்தான் கடைசியில் அவர் வேலைக்கே உலை வைத்தது. கதையை இழுத்து இழுத்துச் சொல்ல எனக்குத் தெரியாது, அதனால் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரு தட்டுக் கோழிக்கறியால் லாத்தாவுக்கு வேலை போனது, விசா போனது. ப்ளஸ் டூ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகளோடு ஊருக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

விசா புதுப்பிக்கிற சமயம் அது. மகளின் விசா அம்மாவின் விசாவில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் சிறுவயதிலிருந்தே இங்கேதான் வளர்ந்தது. இங்கேயே காலேஜ் சேர வேண்டும் என்று ஆசை, அதற்குத் தகுந்த மார்க்கும் வாங்கும். அம்மா வேலையில் இருந்தால்தான் அது நடக்கும். எங்கள் மேனேஜர் திருச்சிக்காரர், முதலாளியின் மருமகன். பேப்பரில் கையெழுத்து அவருடையது, பேனா அவர் பெண்டாட்டியுடையது. அந்த அம்மாளை நாங்கள் மேடம் என்போம். நாளைக்கு எங்களைப் பற்றிப் புருஷன் காதில் ஒரு வார்த்தை போடக்கூடிய ஆள் என்பதால், மேடம் வந்தால் ஆபீஸே எழுந்து நிற்கும்.

ஒரு பெரிய பள்ளிக்கூட ஆர்டர் கிடைத்த சந்தோஷத்தில் மேனேஜர் விருந்து தருவதாகச் சொன்னார். எங்கே போகலாம் என்று கேட்டார். லாத்தா வாயைத் திறக்கும் முன்பே எல்லாரும் அவரைப் பார்த்துச் சிரித்தோம். அந்த இஸகாயாதான்.

சாயங்காலம் போனோம். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறி உட்கார்கிற மாதிரி மரத்தால் ஒரு மேடை, அதன் மேல் நீளமான தாழ்ந்த மேசை. ஒரு கோடியில் ஆண்கள். மறு கோடியில் மேடம், லாத்தா, நான், ரிசப்ஷன் பெண். மேடத்தின் மூத்த பெண் அப்பா பக்கத்தில் போனை நோண்டிக்கொண்டிருந்தாள். சின்னவனைக் கையில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள் அவர்கள் வீட்டில் வேலை செய்கிற பெண். இலங்கையில் மலையகத்துக்காரி, தமிழ்தான் பேசுவாள். மேடம் அவளுக்குச் செருப்பு அடுக்கு வைத்திருக்கிற வாசலோரத்தில் ஒரு ஸ்டூலைக் காட்டினார். அவள் போய் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவைத் திறந்து பையனுக்கு ஊட்ட ஆரம்பித்தாள்.

இது இந்த ஊரில் புதிதில்லை. எந்த ஓட்டலுக்குப் போனாலும் குடும்பம் ஒரு மேசையிலும் ஆயா ஒரு மூலையிலும் இருப்பதைப் பார்க்கலாம். நானும் பார்த்துப் பழகியவள்தான். பார்த்தேன், கண்ணைத் திருப்பிக்கொண்டேன்.

கோழி வந்தது. குச்சியில் கோத்துக் கரியில் வாட்டி, இனிப்பும் உப்புமாக ஒரு சாறு தடவியது. ஈரல் வந்தது. சுட்ட அயிலை மீன் வந்தது. மண்சட்டியில் சோறு வந்தது. லாத்தா எல்லாவற்றையும் நடுவுக்குத் தள்ளி வைத்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"சாப்பிடுங்க லாத்தா" என்றார் மேடம்.

"ஆளு வரட்டும் மேடம்."

"யாரு வரணும்? எல்லாரும் வந்தாச்சே."

லாத்தா தாடையால் வாசலைக் காட்டினார். மேடம் சிரித்தார். உண்மையாகவே புரியாமல் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். "அவளா? அவ வீட்லயே சாப்பிட்டுட்டா. அவளுக்கு இதெல்லாம் பிடிக்காது."

"கேட்டுட்டு வாறேன்" என்று லாத்தா எழுந்தார்.

விசா பேப்பர் மேனேஜர் மேசையில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும், லாத்தாவுக்கும் தெரியும். அவர் குனிந்து அந்தப் பெண்ணிடம் பேசினார். அவள் மாட்டேன் என்று தலையைத் தலையை ஆட்டினாள். கடைசியில் அவள் சொன்னது எங்களுக்கும் கேட்டது. "ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், போயிருங்க அக்கா. நான் அந்த மேசைக்கு வந்தா என் வேல போயிரும். ஊருல ரெண்டு புள்ளைங்க இருக்கு எனக்கு."

அவள் சொன்னதில் என்ன தப்பு? வீரம் காட்ட லாத்தாவுக்கு ஆசை இருந்தால் அதற்கு அவள் தலையா கிடைத்தது? லாத்தா திரும்பி வந்தார். அப்பாடா என்று மூச்சு விட்டேன். ரிசப்ஷன் பெண் ஒரு குச்சியை எடுத்து வாயருகே கொண்டுபோனாள்.

லாத்தா உட்காரவில்லை. கோழித் தட்டைத் தூக்கினார். தூக்கிக்கொண்டு நேரே வாசலுக்குப் போய், மேடை விளிம்பில் கால் தொங்கப் போட்டு அந்தப் பெண்ணின் ஸ்டூலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தட்டை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தார்.

"நீ வரல. நாந்தான் வந்தேன். யாரு கேட்டாலும் இப்புடியே சொல்லு" என்றார்.

"அக்கா, ஒங்களுக்குப் பைத்தியமா?"

"ஆமா, பைத்தியம்தான். சாப்பிடு."

குச்சியிலிருந்து ஒரு துண்டை உருவி அவள் பக்கம் வைத்தார். அவள் மேடத்தைப் பார்த்தாள், கறியைப் பார்த்தாள். பையன் கையை நீட்டி அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். லாத்தா இன்னொரு துண்டு வைத்தார். அதை அவள் சாப்பிட்டாள். அப்புறம் நிறுத்தவில்லை. வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தவள் அப்படிச் சாப்பிட மாட்டாள், மேடம். அது பசித்தவள் சாப்பிடுகிற சாப்பாடு.

அக்கவுண்டன்ட் மெனு அட்டையை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். எனக்கு ஒரு வியாதி உண்டு, கோபம் வந்தால் கால் முன்னால் போகும், புத்தி பின்னால் நடந்து வரும். மண்சட்டிச் சோற்றைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். ரிசப்ஷன் பெண் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். "சேச்சி, வேண்டா, வேண்டா." நான் துப்பட்டாவை அவள் கையிலேயே விட்டுவிட்டுப் போனேன். போய் உட்கார்ந்து அதே தட்டில் கை வைத்தேன். எச்சில் பார்க்கிற நான் அன்றைக்குப் பார்க்கவில்லை. மறுநாளிலிருந்து மறுபடி பார்க்க ஆரம்பித்துவிட்டேன், பிறவிக் குணம் எங்கே போகும்.

கடைக்காரப் பையன் ஒருவன், கேட்காமலேயே மூன்று கிண்ணம் சூப் கொண்டுவந்து எங்கள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான்.

மேடம் எழுந்துவிட்டார். "கிளம்பலாம்" என்றார் புருஷனிடம். மேனேஜர் கையில் ஈரல் குச்சியோடு பாதி எழுந்து நின்றார். லாத்தா அவசரப்படவில்லை. அந்தப் பெண் கை எடுக்கும் வரை தானும் கை எடுக்கவில்லை. அவள் துடைத்துக்கொண்டு பையனைத் தூக்கிய பிறகுதான் எழுந்து, எல்லாருக்கும் பொதுவாக, "நல்லா ஈந்துச்சு சாப்பாடு" என்றார். அடிப் பாவி, அந்த நேரத்தில் அதையும் சொல்ல வேண்டுமா!

அந்தப் பெண்ணை மேடம் வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பினால் பையனை யார் பார்ப்பது? ஆனால் கோபத்துக்கு ஒரு தலை வேண்டும், லாத்தாவின் தலை தோதாக இருந்தது.

திங்கட்கிழமை மேனேஜர் லாத்தாவைக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். குரலே எழும்பாமல்தான் பேசினார். "லாத்தா, எனக்கு ஒண்ணும் இல்ல. வீட்லதான் ரொம்ப மனசு கஷ்டப்பட்டுட்டாங்க. அத்தன பேர் முன்னாடி அவமானமாப் போச்சுங்கிறாங்க. நீங்க ஒரு போன் போட்டு சாரின்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. இன்னைக்கே ரினியூவலுக்கு அனுப்பிடுறேன்."

லாத்தா எழுந்து வந்து பார்சல் கட்ட ஆரம்பித்தார்.

சாயங்காலம் நான் அவர் வீட்டுக்குப் போனேன். மகள் இயற்பியல் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படிக்காமல் உட்கார்ந்திருந்தது. அதற்குள் விஷயம் தெரிந்துவிட்டது.

"உம்மா, ஒரு சாரி. ஒன் வேர்ட். ஐ ஹேவ் மை போர்ட்ஸ். எல்லாரும் சாரி சொல்றாங்க, யாரும் மீன் பண்றதில்ல."

"தெரியும்."

"தெரிஞ்சா சொல்லேன்! எதுக்கு அந்த ஆயா ஆன்ட்டிக்காக என் காலேஜ் போகணும்? அவங்களே உன்னைப் போன்னுதானே சொன்னாங்க!"

நானும் என் பங்குக்குச் சொன்னேன். சண்டைக்காரிதான் நான், ஆனால் பிள்ளை படிப்பு என்று வந்தால் எனக்கும் முதுகு வளையும். "லாத்தா, வாயால ஒரு வார்த்த. நெஞ்சால சொல்ல வேண்டாம். உங்களப் பத்தி எங்களுக்குத் தெரியாதா? யாரு உங்களக் குறைச்சு நெனைக்கப் போறா?" அவர் காய் நறுக்கிக்கொண்டே கேட்டார். மகள் அழுதது. அவருக்கும் கண் கலங்கியது. வெங்காயம் இல்லை, கத்திரிக்காய்தான் நறுக்கினார்.

"சரி. நாளைக்குப் பேசுறேன்" என்றார் கடைசியில்.

மகள் எழுந்து அம்மாவைக் கட்டிக்கொண்டது. நான் நிம்மதியாக வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

மறுநாள் மேனேஜர் அறையில் லாத்தா உட்கார்ந்தார். கண்ணாடிக் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். நான், ரிசப்ஷன் பெண், அக்கவுண்டன்ட் எல்லாரும் வெளியே வேலை செய்கிற மாதிரி நின்றோம். மேனேஜரே நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, போனை மேசை மேல் லாத்தா பக்கம் நகர்த்தினார்.

"சொல்லுங்க" என்றது மேடத்தின் குரல். காத்துக்கொண்டிருந்த குரல்.

"மேடம், நாந்தான் பேசுறேன். மனசு கஷ்டப்பட்டுட்டீங்கன்னு தம்பி சொன்னாரு."

"ஆமா லாத்தா. எனக்கு எவ்ளோ..."

"அதான் மேடம், வர்ற ஞாயித்துக்கிழமை மத்தியானம் நம்ம வீட்டுல சாப்பாடு. நீங்க அவசியம் வரணும். புள்ளைங்களக் கூட்டிட்டு வாங்கோ. அந்தப் புள்ளையவும் கூட்டிட்டு வாங்கோ. எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடலாம்."

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். அக்கவுண்டன்ட் "யா ரப்பே" என்று கடவுளைக் கூப்பிட்டு முணுமுணுத்தார். அவர் கோயம்புத்தூர் இந்து, அது லாத்தாவிடம் ஒட்டிக்கொண்ட வார்த்தை.

"அவ்வளவுதானா?" என்றார் மேடம்.

"அவ்வளவுதான் மேடம். கறி எலும்போட ஆக்கவா, எலும்பில்லாமயா?"

லைன் கட்டானது. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஒரு வார்த்தைக்கு ஒரு பெண்ணின் காலேஜ் போகிறதே என்று வயிறு எரிந்தது. அதே சமயம், சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனுஷி வேறு எதையாவது சொல்லியிருந்தால் எனக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பிடித்திருக்காது.

"லாத்தா, இனி நான் என்ன செய்யட்டும்?" என்றார் மேனேஜர். நிஜமாகவே கேட்டார்.

"நீங்களும் வாங்க தம்பி. ஒரு மணிக்கெல்லாம் வந்துருங்க."

அந்த வாரமே விசா கேன்சல் பேப்பர் தயாரானது. மேனேஜர் கையெழுத்துப் போட்டார். கேன்சல் ஆன பிறகு நாட்டில் தங்கியிருக்கக் கொஞ்சம் அவகாசம் தருவார்கள். அந்த அவகாசத்துக்குள் மகள் பரீட்சையை எழுதி முடித்தது. நல்ல மார்க்தான். அம்மாவோடு பேசாமலே எழுதியது, பேசாமலே விமானம் ஏறியது. இப்போது திருநெல்வேலியில் படிக்கிறது. இப்போது பேசுகிறதா என்று நான் லாத்தாவிடம் கேட்டதில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை லாத்தா சமைத்தார். கையெழுத்தான மூன்றாம் நாள் அது. நெய்ச்சோறு, எலும்போடு ஆட்டுக்கறி, கத்திரிக்காய் மாங்காய். கீழே பட்டன் தைக்கிற பெண்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். அந்த நேபாளிப் பெண்ணும் வந்தாள். நாங்கள் உள்ளறையில் உட்கார்ந்தோம். ஹாலில் ஆண்களுக்கென்று ஒரு தட்டத்தில் சோற்றைக் குவித்து வைத்து, தனியே விரித்திருந்தார் லாத்தா. "எவன் வரப்போறான்?" என்று நான் கேட்டேன். அவர் கறித்துண்டுகளைச் சோற்றின் மேல் அடுக்கிக்கொண்டிருந்தார்.

ஒரு மணிக்கு மணி அடித்தது. நான்தான் போய்க் கதவைத் திறந்தேன். மேனேஜர் நின்றிருந்தார். மேடம் இல்லை, பிள்ளைகள் இல்லை, அந்தப் பெண்ணும் இல்லை. பழக்கூடை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு தனியாக நின்றார். என் கண்ணைப் பார்க்காமல் செருப்பைக் கழற்றினார்.

"வாங்க தம்பி, உக்காருங்க" என்றார் லாத்தா, ஒன்றுமே நடக்காத மாதிரி. மேனேஜர் உட்கார்ந்தார். பெரிய தட்டம், முன்னால் ஒரே ஆள். அவரும் சோற்றைப் பார்த்தார், லாத்தாவும் பார்த்தார். லாத்தா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கிப் போனார்.

திரும்பி வரும்போது கூடவே அந்தக் கட்டடத்தின் நாத்தூர் வந்தார். காவல் காப்பது, படிக்கட்டுக் கழுவுவது, குப்பை எடுப்பது எல்லாம் அந்த ஆள்தான். வயதான பெங்காலி, முழங்கால் வரை நனைந்த பேன்ட். கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து, மேனேஜருக்கு எதிரே, அதே தட்டத்தின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"ஷுரு கரோ, சாப்" என்றார், சாப்பிட ஆரம்பிக்கச் சொல்லி.

மேனேஜர் தட்டத்தைப் பார்த்தார். நாத்தூரின் கையைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார். நான் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன்.